தலைமாட்டுச் சுவரில் ஓடிய ஏசி: சென்னை அடுக்ககம் ஒன்றின் இரைச்சல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் மேற்குப் பகுதியில், தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட எட்டு வீட்டு அடுக்ககம். 1990களின் இறுதியில் கட்டப்பட்டது. வெளிச்சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல். கட்டடத்தின் நடுவே ஓ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் திறந்தவெளி இருக்கிறது. கிழக்கு மேற்காக 3 மீட்டர், தெற்கு வடக்காக 1.8 மீட்டர். நான்கு பக்கமும் சுவர், மேலே வானம். குளியலறைக் குழாய்கள் இறங்கவும், படுக்கையறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வரவும் விட்ட இடம் அது. கட்டியபோது எந்த வீட்டிலும் ஏசி கிடையாது. புகார் வந்தபோது அதே இடத்தில் மூன்று அவுட்டோர் யூனிட்கள் தொங்கின.

இரண்டாம் மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும். அவர்களுடைய படுக்கையறை ஓ.டி.எஸ்.ஸின் வடக்கே இருக்கிறது. அந்த அறையில் ஏசி இல்லை. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுத் தூங்குவதுதான் அவர்களுக்குப் பழக்கம். மற்றொரு வீட்டில் கைக்குழந்தையுடன் ஓர் இளம் தம்பதி. அவர்களுடைய படுக்கையறை ஓ.டி.எஸ்.ஸின் கிழக்கே.

2023 மார்ச்சில் இளம் தம்பதி ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி ஒன்றைப் போட்டார்கள். அவர்கள் பக்கத்துச் சுவரை ஜன்னலும் கழிவுநீர்க் குழாய்களும் அடைத்துக்கொண்டிருந்தன. ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது வடக்குச் சுவரின் மூலை. பொருத்த வந்தவர்கள் அங்கே நான்கு ஆங்கர் போல்ட் அடித்து, இரும்பு பிராக்கெட் மாட்டி, 34 கிலோ எடையுள்ள அவுட்டோர் யூனிட்டை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சுவரின் மறுபுறம்தான் பெரியவர் வீட்டுக் கட்டிலின் தலைமாடு. இது வேலை முடிந்த அன்று யாருக்கும் தெரியாது. பிராக்கெட்டுக்கு இடம் பார்ப்பவர் சுவரின் மறுபக்கம் என்ன அறை என்று கேட்பதில்லை. பெரும்பாலான தகராறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

புகார்

நான்கைந்து நாட்களில் பெரியவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, உங்க மெஷின் ராத்திரி பூரா எங்க தலைமாட்டுலயே ஓடுற மாதிரி இருக்கு. உங்க ஆன்ட்டி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துடுறா."

"எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையே அங்கிள். உள்ள ரொம்ப சைலண்டா இருக்கே."

இருவர் சொன்னதும் உண்மை. ஏசி போட்டவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார். சத்தம் போடும் பாதியை வெளியே தள்ளித்தான் ஸ்பிளிட் ஏசி அமைதியாகிறது. அந்த வெளிப்பாதியின் ஒலியைக் கேட்பவர் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். வாங்கியவருக்குக் கடைசிவரை அது தெரிய வராமலே போகலாம்.

அம்மையார் விவரித்தது ஏசி சத்தம் போலவே இல்லை. காது அடைப்பது போல ஓர் அழுத்தம், தூரத்தில் லாரி ஒன்று நகராமல் உறுமிக்கொண்டே நிற்பது போன்ற ஒலி என்றார். ஜன்னலைச் சாத்தினால் தெருச் சத்தம் நின்று, அது மட்டும் மிஞ்சுகிறது. அதனால் இன்னும் மோசம் என்றார். எழுந்து நின்றால் குறைகிறது, படுத்தால் திரும்பி வருகிறது என்றும் சொன்னார். இதைக் கேட்ட சிலர் வயதானவர்களின் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடப் பார்த்தார்கள். உண்மையில் இந்த மூன்று விவரங்களும், ஒரு கருவியும் வருவதற்கு முன்பே, பாதி நோயறிதலைச் செய்து முடித்திருந்தன. ஜன்னலைச் சாத்தியும் குறையாத ஒலி காற்று வழியாக மட்டும் வருவதில்லை. நிற்கும்போதும் படுக்கும்போதும் மாறும் ஒலி, அறையின் அளவோடு ஒத்திசையும் தாழ்ந்த சுருதி ஒலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இளம் தம்பதி நல்ல மனதோடு ஒன்று செய்தார்கள். ஏசி அதிகம் ஓடாமல் இருக்கட்டும் என்று 24 டிகிரியிலிருந்து 27க்கு உயர்த்தினார்கள். அன்றிரவு உறுமல் இன்னும் நீண்ட நேரம் கேட்டது. ஏன் என்பது பின்னால் தெரிந்தது.

முதல் முயற்சி: ரப்பர் அட்டை

ஏசி மெக்கானிக் வந்து, யூனிட்டின் நான்கு கால்களுக்கு அடியிலும் 8 மி.மீ. கெட்டி ரப்பர் அட்டை வைத்து, போல்ட்டை இறுக்கிவிட்டுப் போனார். படுக்கையறையின் நடுவில் நின்று காது கொடுத்துக் கேட்டார். "ஒண்ணும் இல்ல சார், சரியாயிடுச்சு" என்றார். அன்றிரவு முன்பைவிட அதிகமாக இருக்கிறது என்று பெரியவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

ரப்பர் வைத்தால் அதிர்வு நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ரப்பர் இருக்கிறதா என்பதைவிட, மேலே உள்ள எடையால் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதே முக்கியம். இப்படி அதிர்வைத் தடுக்க அடியில் வைப்பதைத் தாங்கி என்பார்கள். அமுங்கும் மி.மீ. அளவின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால், அந்தத் தாங்கியின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது வினாடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்பது, ஹெர்ட்ஸில் கிடைக்கும். இயந்திரத்தின் அதிர்வெண் இதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் தாங்கி அதிர்வைக் குறைக்கவே தொடங்கும். பயன் தெரிய வேண்டுமானால் 3 மடங்காவது வேண்டும். இரண்டும் சமமாகிவிட்டால் தாங்கி அதிர்வைக் குறைக்காது, பெருக்கும்.

பின்னர் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தபோது, அந்த அட்டை 0.3 மி.மீ. மட்டுமே அமுங்கியிருந்தது. கணக்குப்படி இயல்பு அதிர்வெண் கிட்டத்தட்ட 29 ஹெர்ட்ஸ். நள்ளிரவில் அந்த கம்ப்ரசர் ஓடிய வேகம் வினாடிக்கு 28 சுற்று. பெரியவர் சொன்னது சரி: அட்டை வைத்த பிறகு அதிர்வு கூடித்தான் இருந்தது. போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கியதில், இரும்பு வாஷர் வழியாக அதிர்வு ரப்பரைத் தொடாமலே பிராக்கெட்டுக்கு இறங்க இன்னொரு வழியும் கிடைத்திருந்தது.

குறிப்பேடும் அளவீடும்

பேச்சு முற்றிப் போகும் நிலையில் அடுக்கக அசோசியேஷன் தலையிட்டு, ஒலியளவி வைத்திருந்த குளிர்சாதனப் பொறியாளர் ஒருவரை அழைத்தது. அவர் முதலில் அளக்கவில்லை. ஒரு வாரத்துக்குக் குறிப்பேடு எழுதச் சொன்னார். சத்தம் தொந்தரவு செய்த நேரம், ஜன்னல் திறந்திருந்ததா, படுத்திருந்தார்களா நின்றிருந்தார்களா, எந்தெந்த வீட்டு ஏசி ஓடியது என்று நான்கு கட்டங்கள். ஏசி வைத்திருந்த வீடுகள் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் தனியாகக் குறித்தன.

குறிப்பேடு இரண்டு விஷயங்களைக் காட்டியது. தொந்தரவு இரவு பத்து மணிக்கு வரவில்லை, ஒன்றரை முதல் நாலரை வரை வந்தது. பத்து மணிக்கு அறை சூடாக இருப்பதால் கம்ப்ரசர் வேகமாக ஓடுகிறது. அறை குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் அதை மெதுவாக்குகிறது. ஒற்றை ரோட்டரி கம்ப்ரசர் (உள்ளே சுழலும் உருளை ஒன்றே ஒன்று உள்ள வகை) மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் உதறல் அதிகம், ரப்பர் தாங்கியும் அங்கேதான் பலமிழக்கும். 27 டிகிரிக்கு உயர்த்தியதும் உறுமல் நீண்டதற்குக் காரணம் இதுவே. கம்ப்ரசர் சீக்கிரமே மெதுவான ஓட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. இரண்டாவதாக, சில இரவுகளில் வேறுவிதமான சத்தமும் பதிவாகியிருந்தது. ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டும் வரும் கடகடப்பு அது. முதல் மாடி வீட்டின் பழைய, வேகம் மாறாத ஏசி ஓடிய நேரத்தோடு அது பொருந்தியது. மூன்றாம் மாடி யூனிட் விடுமுறைக்கு மட்டும் ஓடுவது என்பதால் கணக்கில் வரவில்லை.

அளவீடு ஒரு வார நாளில், இரவு இரண்டு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையணை இருக்கும் இடத்தில் எடுக்கப்பட்டது. ஒலியளவியில் ஏ எடை, சி எடை என்று இரண்டு வடிகட்டல் முறைகள் உண்டு. இரண்டிலும் அளவு எடுத்ததுதான் இங்கே திருப்புமுனை. ஏ எடை நம் காது குறைந்த ஒலியைக் கேட்கும் விதத்தைப் பின்பற்றித் தாழ்ந்த சுருதியைப் பெரிதும் கழித்துவிடும். 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழிக்கும். சி எடை ஏறக்குறைய எதையும் கழிக்காது. இரண்டுக்கும் இடையில் 20 டெசிபல் வித்தியாசம் வந்தால், உறுமல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஜன்னல் சாத்தி, எல்லா ஏசியும் நிறுத்தியபோது: ஏ 27, சி 43.
ஜன்னல் சாத்தி, புது ஏசி மட்டும் ஓடியபோது: ஏ 32, சி 55.
ஜன்னல் திறந்து, எல்லாம் நிறுத்தியபோது: ஏ 35.
ஜன்னல் திறந்து, புது ஏசி மட்டும்: ஏ 39.
ஜன்னல் திறந்து, பழைய ஏசி மட்டும்: ஏ 40.
ஜன்னல் திறந்து, இரண்டும்: ஏ 42.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டல், தூங்கும் அறைக்குள் தொடர் ஒலி 30 டெசிபல் ஏ அளவைத் தாண்டக் கூடாது என்கிறது. தாழ்ந்த சுருதி அதிகமிருந்தால் அதற்கும் கீழே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாத்திய அறையில் வந்தது 32. இந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால், "ரெண்டு டெசிபல்தானே" என்று கோப்பை மூடியிருப்பார்கள். சி எடையில் 12 டெசிபல் ஏறியிருப்பதுதான் அம்மையாரை எழுப்பிய ஒலி.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் ஏ என்று வரம்பு வைக்கின்றன. ஓ.டி.எஸ்.ஸுக்குள் ஜன்னலுக்கு ஒரு மீட்டர் முன்னால் 52 இருந்தது. ஆனாலும் அந்த வரம்பு பகுதியின் சராசரிக்கு உரியது. அதைக் காட்டி எவரும் புகார் எழுதவில்லை, எழுதாததே நல்லது என்று அசோசியேஷன் கருதியது. இரு குடும்பமும் அதே மாடியில் தொடர்ந்து வாழ வேண்டியவை.

ஜன்னல் திறந்த அளவுகளை இன்னொரு தடவை பார்க்கலாம். இரண்டும் ஓடும்போது 42. ஒன்றை நிறுத்தினால் 39 அல்லது 40. இரண்டு மூன்று டெசிபல் குறைவதைக் காது பெரிதாக உணராது. முன்பு ஒருநாள் இளம் தம்பதி சோதனைக்காகத் தங்கள் ஏசியை நிறுத்தியும் "வித்தியாசமே இல்லையே" என்று பெரியவர் சொன்னது பிடிவாதம் இல்லை. அன்று ஜன்னல் திறந்திருந்தது, கீழே பழைய ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூலங்கள், இரண்டு வழிகள். ஒன்று சுவர் வழி வரும் உறுமல், மற்றது ஜன்னல் வழி வரும் கடகடப்பு. ஒன்றை மட்டும் சரிசெய்தால் எவருக்கும் திருப்தி வந்திருக்காது.

தலைமாட்டில் மட்டும் ஏன்

கைபேசிச் செயலி ஒன்றில் ஒலியலையைப் பிரித்துப் பார்த்தார்கள். இவ்வளவு தாழ்ந்த சுருதியில் கைபேசி காட்டும் டெசிபலை நம்பக் கூடாது. எந்த அதிர்வெண்ணில் முகடு எழுகிறது என்பதை நம்பலாம். 28, 56, 84 ஹெர்ட்ஸில் மூன்று முகடுகள் தெரிந்தன. முதலாவது கம்ப்ரசரின் சுழற்சி வேகம், மற்றவை அதன் மடங்குகள். 28 ஹெர்ட்ஸ் இந்த அளவில் காதுக்கு எட்டாது. கேட்டது 56.

அறையின் தெற்கு வடக்கு நீளம் பத்து அடி, அதாவது 3.05 மீட்டர். சென்னை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு சுமார் 349 மீட்டர் செல்லும். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். கம்ப்ரசரின் இரண்டாம் மடங்கும் அறையின் இயல்பான ஒத்திசைவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. இப்படி நிற்கும் அலையில் அழுத்தம் இரண்டு எதிர்ச் சுவர்களையும் ஒட்டி உச்சத்தில் இருக்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மெக்கானிக் நின்று கேட்டது நடுவில். அம்மையாரின் தலை இருந்தது சுவரிலிருந்து ஒரு சாணில். நம் ஊர்ப் படுக்கையறைகளில் பத்தடி மிகச் சாதாரண அளவு. ஆகவே இதே பொருத்தம் பல வீடுகளில் நேரக்கூடும்.

சுவர் வழிதான் என்பதை உறுதி செய்ய இரண்டு எளிய சோதனைகள் போதுமாயின. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தலைமாட்டுச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டபோது உறுமல் தெளிவாக வந்தது. கிழக்குச் சுவரில் அது மங்கியது. அடுத்து, ஏசியை 18 டிகிரியில் வைத்து கம்ப்ரசரை வேகமாக ஓடவிட்டார்கள். ஓ.டி.எஸ்.ஸில் இரைச்சல் கூடியது, தலையணையில் உறுமல் குறைந்தது. வெளியே சத்தம் ஏற ஏற உள்ளே இறங்குகிறது என்றால், பிரச்சினை ஒலியின் பலத்தில் இல்லை, ஒத்திசைவில் இருக்கிறது.

செலவில்லாத உடனடி நிவாரணம்

நிரந்தர வேலைக்கு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை கட்டிலை இடம் மாற்றினார்கள். எதிர்ச் சுவருக்குத் தள்ளினால் அங்கும் அழுத்தம் உச்சத்தில்தான் இருக்கும். வடக்கே தலை வைக்கவும் அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். கிழக்குச் சுவரில் தலைமாடு வைத்து, தலை பத்தடி நீளத்தின் நடுவில் வருமாறு போட்டார்கள். கட்டில் எந்தச் சுவரையும் தொடாமல் நான்கு விரற்கடை விடப்பட்டது. புதிய இடத்தில் சாத்திய அறையின் சி எடை அளவு 55லிருந்து 49க்கு இறங்கியது. அன்றிலிருந்து அம்மையார் பெரும்பாலான இரவுகளில் எழவில்லை. எதிர்வீட்டில் ரப்பர் அட்டைகள் கழற்றப்பட்டன, ஏசி 25இல் வைக்கப்பட்டது.

பரிசீலித்த வழிகள், எடுத்த முடிவு

யூனிட்டைச் சுற்றிப் பெட்டி கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். ஓ.டி.எஸ்.ஸில் ஏற்கெனவே காற்றுத் தட்டுப்பாடு. வெளியே தெருவில் 31 டிகிரி இருந்த இரவில், இந்த யூனிட் உறிஞ்சிய காற்று 36 டிகிரி. கீழ் மாடி ஏசி வெளியேற்றும் சூடான காற்றைத்தான் அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டி கட்டினால் கம்ப்ரசர் திணறும், மின்சாரம் கூடும், உறுமலோ சுவர் வழி அப்படியே வரும். சுவர்களில் ஃபோம் ஒட்டும் யோசனையும் அதே காரணத்தால் கைவிடப்பட்டது. இரண்டு அங்குல ஃபோம் 56 ஹெர்ட்ஸை எதுவும் செய்யாது, தீப்பிடித்தால் ஓ.டி.எஸ். புகைபோக்கியாகிவிடும் என்ற ஆபத்து வேறு.

பெரியவர் வீட்டிலும் ஒரு ஏசி போட்டுவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாமே என்ற பேச்சும் வந்தது. அது ஜன்னல் வழிக் கடகடப்பை மட்டும் மறைக்கும். ஓ.டி.எஸ்.ஸில் நான்காவது யூனிட்டும் ஏறும். தவிர, தொந்தரவை அனுபவிப்பவரையே செலவு செய்யச் சொல்வது நியாயமில்லை என்பதில் அசோசியேஷன் உறுதியாக இருந்தது.

அதே பிராக்கெட்டில் ஸ்பிரிங் தாங்கி வைப்பது தொழில்நுட்ப ரீதியில் கொஞ்சம் கவர்ச்சியாக இருந்தது. 28 ஹெர்ட்ஸுக்கு 3 மி.மீ. அமுங்கும் தாங்கி வேண்டும். ஆனால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட்டே ஒரு ஸ்பிரிங் போல ஆடும். அதன் மேல் இன்னொரு ஸ்பிரிங் வைத்தால் 34 கிலோ யூனிட் தள்ளாடி, செம்புக் குழாயின் முனையை விரித்துத் திருகிய ஃப்ளேர் இணைப்பில் விரிசல் விடலாம். புயல் காலத்தில் இரண்டாம் மாடி உயரத்தில் அது ஏற்க முடியாத ஆபத்து.

ஆகவே யூனிட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. பொது இடம் என்பதால் அசோசியேஷன் தீர்மானம் எழுதியது. மூன்றாம் மாடி வீட்டின் படுக்கையறைக்கு மேலே வைக்கக் கூடாது, தளத்தைத் துளையிடக் கூடாது, வேலை முடிந்த பின் மூன்றாம் மாடியிலும் அளக்க வேண்டும் என மூன்று நிபந்தனைகள். தொந்தரவை ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டின் தலையில் வைத்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் அவற்றின் அடிப்படை.

வேலை நடந்த விதம்

ஏசியின் குளிரூட்டும் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைத்து, குழாய்களைக் கழற்றி, யூனிட்டைக் கயிற்றில் ஏற்றினார்கள். மொட்டை மாடியில் குளியலறைக்கு மேலே, உத்தரம் ஓடும் கோட்டில் இடம் குறிக்கப்பட்டது. தளத்தின் நடுப்பகுதி முரசுத் தோல் போல அதிரும், உத்தரத்தின் மேல் அந்த ஆட்டம் குறைவு.

90க்கு 45 செ.மீ. அளவில், 7.5 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் பலகை வார்த்தார்கள். எடை 73 கிலோ. யூனிட்டை இந்தப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, பலகையின் கீழே நான்கு ரப்பர் தாங்கிகள். மொத்தம் 107 கிலோ, தாங்கிக்குச் சுமார் 27 கிலோ. அந்த எடையில் 3 மி.மீ. அமுங்கும் வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. இயல்பு அதிர்வெண் 9 ஹெர்ட்ஸ், கம்ப்ரசரின் மெதுவான ஓட்டம் அதைப்போல் மூன்று மடங்கு. கணக்குப்படி அதிர்வு விசையில் எட்டில் ஒரு பங்குதான் தளத்துக்கு இறங்கும். கனமான பலகைக்கு இன்னொரு பயனும் உண்டு: யூனிட் தனியாக நின்று ஆடாது, காற்றுக்கும் அசையாது. தட்டோட்டில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. தாங்கிகளின் கீழே 30 செ.மீ. சதுரத் தகடுகள் வைத்து எடை பரப்பப்பட்டது.

குழாய் இளம் தம்பதியின் பக்கத்துச் சுவரிலேயே ஏறியது. பெரியவர் வீட்டுச் சுவரில் இனி ஒரு கிளாம்ப்கூட இல்லை. பழைய போல்ட் துளைகள் அடைக்கப்பட்டன. கால் அங்குல, அரை அங்குலச் செம்புக் குழாய்கள், மொத்த நீளம் 9 மீட்டர். இந்த மாடலில் தொழிற்சாலையில் அடைத்த கேஸ் 5 மீட்டர் வரை போதும். அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்று கையேடு சொன்னபடி 80 கிராம் ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸ் எடை பார்த்துச் சேர்க்கப்பட்டது. இன்டோருக்கு மேலே அவுட்டோர் இருப்பதால், ஏறுகுழாயின் அடியில் எண்ணெய் தேங்கி மேலேற ஒரு வளைவும் கொடுத்தார்கள். சுவர்த் துளையைச் சிமெண்ட் பூசி அடைக்கவில்லை. குழாயைச் சுற்றி நைட்ரைல் ஃபோம் திணித்து, ஓரத்தில் மட்டும் சிலிக்கான். சிமெண்ட் குழாயைப் பிடித்துக்கொண்டால், யூனிட்டைத் தாங்கியில் வைத்த பயன் குழாய் வழியே போய்விடும்.

நைட்ரஜன் அடைத்து ஓர் இரவு விட்டுக் கசிவு பார்த்தபின், 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) வரை வெற்றிடம் எடுக்கப்பட்டது. கேஸை ஊதியே குழாய்க் காற்றை வெளியேற்றும் குறுக்கு வழி இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ். அதில் அந்தப் பழக்கம் கூடவே கூடாது.

பழைய ஏசியில் வேலை சிறியது. மேல்மூடியில் ஆறு திருகுகளில் மூன்று இல்லை. விசிறி மோட்டாரின் பேரிங் தேய்ந்திருந்தது, இறக்கைகளில் ஒட்டிய அழுக்கு சமநிலையைக் கெடுத்திருந்தது. பேரிங் மாற்றி, இறக்கையைக் கழுவி, திருகுகளை ரப்பர் வாஷருடன் போட்டதும் கடகடப்பு நின்றது. செலவு 3,200 ரூபாய், அந்த வீட்டுக்காரரே ஏற்றார். மொட்டை மாடி வேலைக்கு 19,000 ரூபாய் ஆனது. பாதியை இளம் தம்பதியும், கால் பங்கை அசோசியேஷனும் கொடுத்தன. மீதியைப் பெரியவர் வற்புறுத்திக் கொடுத்தார்.

பின்விளைவு

வேலை முடிந்து நான்காம் நாள், பழையபடி இரவு இரண்டு மணிக்கு, கட்டிலை அதன் பழைய இடத்துக்கே திருப்பிப் போட்டு அளந்தார்கள். ஜன்னல் சாத்தி, இரண்டு ஏசியும் ஓடும்போது ஏ 28, சி 44. எல்லாம் நிறுத்திய நிலைக்கு ஒரு டெசிபல்தான் மேலே. ஜன்னல் திறந்து 37, முன்பு 42. யூனிட் உறிஞ்சும் காற்று இப்போது வெளிவெப்பத்திலேயே இருக்கிறது. மின்கட்டணத்தில் என்ன மாற்றம் என்பதை ஒப்பிடவில்லை. கோடை மாதமும் மழை மாதமும் ஒன்றல்ல.

அம்மையாரின் தூக்கம் உடனே சீரடையவில்லை. சத்தம் நின்ற பிறகும் இரண்டு வாரம் அதே இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. இரவில் எப்போது தொடங்கும் என்று காத்துக்கிடந்த உடம்புக்கு அது போய்விட்டது என்று நம்பச் சில நாட்கள் பிடிக்கும். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், வேலை வீணானதோ என்ற சந்தேகம் எழவில்லை.

மூன்றாம் மாடியில் அளந்தபோது எதுவும் பதிவாகவில்லை. ஆனால் நவம்பர் மழையில் அந்த வீட்டுச் சமையலறையில் மெல்லிய ரீங்காரம் கேட்பதாகச் சொன்னார்கள். ஏறுகுழாய் சன்ஷேடின் விளிம்பைத் தொடும் இடத்தில், ஒரு கிளாம்பின் ரப்பர் நழுவியிருந்தது. குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் இடையே நைட்ரைல் உறை போட்டு, கிளாம்பை மாற்றியதும் நின்றது. அரை மணி நேர வேலை. குழாய் கட்டடத்தைத் தொடும் ஒரே ஒரு புள்ளி போதும், ரீங்காரம் அடுத்த அறைக்கு வந்துவிடும்.

அடுத்த முறை மாற வேண்டியவை

அளப்பதற்கு முன் ரப்பர் வைத்தது மூன்று வாரத்தையும், இரு வீட்டாரின் நம்பிக்கையில் ஒரு பகுதியையும் தின்றது. தாங்கி வாங்குமுன் யூனிட்டின் எடை, காலொன்றுக்கு விழும் சுமை, கம்ப்ரசரின் குறைந்தபட்ச வேகம் ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச வேகத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இரவில் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிலை நகர்த்தும் வேலையை முதல் நாளே செய்திருக்கலாம். கேட்கப் போகிறவர் அறையின் நடுவில் நிற்காமல், புகார் சொல்பவரின் தலையணையில், அவர் சொல்லும் நேரத்தில், படுத்துக் கேட்க வேண்டும். அதுவே முதல் வருகையில் நடந்திருந்தால் ரப்பர் அட்டைக்கே வேலை இருந்திருக்காது.

அடுக்ககம் இப்போது புது ஏசிக்கு ஒரு பக்க விண்ணப்பம் வைத்திருக்கிறது. யூனிட் வரும் சுவரின் மறுபுறம் என்ன அறை என்பது அதில் முதல் கேள்வி. ஓ.டி.எஸ்.ஸில் இனி பிராக்கெட் இல்லை. பழைய யூனிட்கள் ஆயுள் முடியும்போது மொட்டை மாடிக்குப் போகும், அதற்காக ஏறுகுழாய்க்கு மூன்று தடங்கள் சுவரில் குறித்து வைக்கப்பட்டுள்ளன. மொட்டை மாடித் தாங்கிகளை ஆண்டுக்கொருமுறை, கோடைக்கு முந்தைய சர்வீஸின்போது, உயரம் அளந்து பார்க்கிறார்கள். வெயிலில் ரப்பர் இறுகி அமுங்கல் 2 மி.மீ.க்குக் கீழே வந்தால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று அசோசியேஷன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது.